ஓர் அலைக்கு ஒருவர்

அலையில் நிற்கப் படிப்பிக்கிற தொழிலுக்கு முதலில் வேண்டியது மணல். கடல் பிறகு வந்தால் போதும். பிள்ளைகளுக்கு எதையாவது படிப்பித்துச் சீரழிந்தவர்களே, இதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

தெற்கே ஒரு கடற்கரைப் பட்டினத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை இருந்தது. கடைக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெடியள் பலகையில் அலையேறுவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பழகினேன். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தது. நெடுந்தீவுக்கு நான் கொண்டுவந்தது உடுத்த சாரமும் இந்த வித்தையும்தான். மறுவருஷம் சனசமூக நிலையத்தார் கடல் பொங்கும் சோளகக் காற்றுக் காலத்தில் அலையேறும் போட்டி வைப்பதாகவும், எழுவைதீவுப் பெடியளும் வருவதாகவும் சொன்னார்கள். முள்முருக்கு மரத்தில் இரண்டு பலகை அறுப்பித்தார்கள். நான் மாஸ்டரானேன்.

மணற் பலகை

தடியால் மணலில் பலகை வடிவம் கீறுவேன். பிள்ளை அதற்குள் குப்புறப் படுத்து, கையால் தண்ணீர் வலிப்பதுபோல வலித்து, நான் "எழும்பு" என்றதும் ஒரே துள்ளலில் இரண்டு காலும் கோட்டுக்குள் விழ நிற்கவேண்டும். கோட்டில் கால் பட்டால் கடலில் விழுந்த மாதிரி.

இதில் தேவனை அடிக்க ஆளில்லை. ஆனால் அவனுக்குத் தண்ணீரில் கால் நனைக்க அனுமதியில்லை. அவனுடைய தமையன் முந்தின வருஷம் இந்தியாவுக்குப் போன வள்ளமொன்றில் ஏறினவன். வள்ளம் அக்கரைக்கும் போய்ச் சேரவில்லை, இக்கரைக்கும் திரும்பவில்லை. அதன்பிறகு தாய் மங்களக்கா வீட்டில் மீன்கூடச் சமைப்பதில்லை. மற்றப் பெடியள் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்க, தேவன் கோட்டுக்குள் தனியே படுத்துப் படுத்து எழும்புவான். ஒருநாள் மணலைத் தட்டிக்கொண்டு கேட்டான்: "மணலில நிண்டதுக்கும் கப் தருவினமோ அண்ணை?"

பஸ்ஸில் இல்லாத மரியாதை

போட்டிக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஓர் அலைக்கு ஒருவர்தான். முதலில் எழும்பினவனுக்கே அந்த அலை. மற்றவன் எவ்வளவு ஆசை இருந்தாலும் பலகையில் படுத்தபடியே விலகி வழிவிட வேண்டும். விலகாவிட்டால் வெளியே. இதைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேன். என் தொண்டை கிழிந்தாலும் பெரிதாய்ச் சத்தம் வராது என்பது வேறு கதை. வகுப்பின் வாய்க்காரன் ராசன் சொன்னான்: "யாழ்ப்பாண பஸ்ஸிலகூட இவ்வளவு மரியாதை இல்லையண்ணை!"

விடியமுதல் வந்தவர்

ஒரு காலை. முதல்நாள் பின்னேரம் கீறிவிட்டுப்போன கோடு அப்படியே இருக்கிறது. அதற்குள் காலடிகள், கண்டபடி, ஒன்றன்மேல் ஒன்றாக. யாரோ விழுந்து விழுந்து எழும்பியிருக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே, கடற்பக்கமும் சரி பனைப்பக்கமும் சரி, ஒரு தடமும் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான்.

"வந்த தடத்தைக் காத்து அழிச்சிருக்கும்" என்றேன், பிள்ளைகள் பயப்படக்கூடாதென்று. ராசன் கோட்டைச் சுற்றி ஒருதரம் நடந்தான். பிறகு, பகிடியில்லாத குரலில்: "உள்ளுக்க இருக்கிறதை மட்டும் விட்டிட்டு அழிக்கிற காத்தோ அண்ணை?"

தேறிய மாணவன்

நாள் போகப்போக அந்தக் காலடிகள் திருந்தின. கோட்டை மிதிப்பது நின்றது. பிறகு இரண்டே தடம், வலது கால் முன்னுக்கு, இடது கால் பின்னுக்கு, செதுக்கிவைத்த மாதிரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்துக்குள்ளும் எனக்கொரு பெருமை. "பாருங்கோடா, பழகினால் இப்பிடி வரும்" என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் செய்தேன்.

அப்போதுதான் மங்களக்கா தேவனை இழுத்துப்போக வந்தார். தடத்தைக் கண்டதும் குந்தினார். இடது காலில் சின்னவிரல் பதியவில்லை. மூத்தவனுக்குச் சிறுவயதில் கடலுக்குள் முருகைக்கல் வெட்டி அந்த விரல் போனதென்பது ஊருக்கே தெரியும். நான் அவசரமாகத் தேவனின் தடத்தைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன.

அக்கா அழவில்லை. தடத்துக்குமேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பதுபோலப் பார்த்தார். "தம்பி, நீர் கோட்டை அழிக்காதையும். பிள்ளை கரைக்கு வரப் பழகிறான். தேவனையும் கடலிலை இறக்கும், மூத்தவன் அங்கை தனிய நிக்கக்கூடாது."

தேவனின் அலை

அன்றிலிருந்து தேவன் கடலிலும் பழகினான். போட்டியன்று கடைசிச் சுற்றில் தேவனும் எழுவைதீவுப் பெடியன் ஒருவனும். புள்ளியில் அந்தப் பெடியன்தான் கொஞ்சம் முன்னுக்கு நின்றான். நேரம் முடிகிற தறுவாயில் அன்றைய நாளிலேயே பெரிய அலை தேவனுக்கு நேரே எழும்பியது. ஏறினால் கப் எங்களுக்கு. தேவன் வலித்தான், வலித்தான், எழும்பப்போன இடத்தில் திடீரென்று பலகையோடு ஒட்டிப் படுத்து விலகினான்.

ஆளில்லாமல் அலை வந்தது. மற்ற அலைகள் கல்லில் மோதிச் சிதறின. இது மட்டும் உடையாமல், பாரமேற்றிய வள்ளம்போலத் தாழ்ந்து, மணல்வரைக்கும் வந்து அடங்கியது. கரையில் நின்ற மங்களக்கா ஒரு பக்கமாக ஒதுங்கி இடம்விட்டதை நான் கண்டேன். கப் தங்களுக்கென்று எழுவைதீவுக்காரர் கூச்சலிட்டார்கள்.

"ஏன்ரா விட்டனீ?" என்று பலகையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தேவனுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. முகம் மட்டும் சிரித்தது. "அண்ணன் முதலே எழும்பிட்டான் அண்ணை. ஓர் அலைக்கு ஒருவர்தானெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்!"

அடுத்த காலை

கோடு கீறினபடியே கிடந்தது. உள்ளே ஒரு தடமும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மங்களக்கா வீட்டுக் குசினியிலிருந்து மீன் பொரிக்கிற வாசம் வந்ததாக ராசன் வந்து சொன்னான். வெறுங்கோட்டைப் பார்த்துச் சொன்னான்: "வந்து சேர்ந்திட்டார் போல, அண்ணை. இனிப் பழகத் தேவையில்லை."

பயிற்சியின் பெறுமதி என்னவென்று யாராவது கேட்டால், ஒருநாளும் பிந்தாமல் வந்த என் ஒரே மாணவனைத்தான் காட்டவேண்டும், காட்டுவதற்குத்தான் ஏலாது.