பின்னறையில் இருந்த பயிற்சியாளர்கள்

அந்த ஐஸ் ஹொக்கிக் கிளப்பின் மனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில், நாடுவிட்டு வந்து நோபல் பார்க்கில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னறையைத் தங்கள் தலைமைப் பயிற்சியாளருக்கு வாடகைக்குக் கேட்டு வந்தவர் அவர். பயிற்சியாளர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். விளையாடுகிறவர்களுக்கு இறைச்சிக் கடை, தொழிற்சாலை என்று வேறு வேலைகள் இருந்தன. கிளப்பின் சம்பளத்தை நம்பி இருந்தவர் பயிற்சியாளர் ஒருவர்தான். அதனால் தோற்றால் அனுப்புவதற்கும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். முதலாவதாக வந்தவர் என்ன சாப்பிடுவார், எதைத் தொடமாட்டார், எந்த நாளில் துணி தோய்ப்பார் என்பதெல்லாம் அந்த வருடத்து நாட்குறிப்பில் இருக்கிறது. அவர் போன நாளின் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. பேனையைப் பிடிக்க முடியாத அளவுக்கு அன்று எனக்குக் கோபம்.

நடந்தது இதுதான். மனேஜர் ரெலிபோன் எடுத்து, சனிக்கிழமை புதிய பயிற்சியாளர் வருகிறார், அறையைத் துப்புரவாக்கி வைக்க முடியுமா என்று கேட்டார். இருந்தவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? இரவுச் சாப்பாட்டின்போது, பயணத்துக்கு என்ன செய்து தரட்டும், கட்லட் கொண்டுபோகிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து தூரப் பயணம் போகிறவர் எவரும் வெறுங்கையோடு போனதில்லை.

எந்தப் பயணம் என்று அவர் கேட்டார். பிறகு கரண்டியைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். அவரை நிறுத்திவிட்டதைச் சொல்லவேண்டிய கிளப்பின் வேலையை என் சாப்பாட்டு மேசையில், என் வாயால் செய்வித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்தவர் வயதில் மூத்தவர். இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்டார். குசினி மேசையில் பருப்பைத் தன் ஆட்களாகவும் செத்தல் மிளகாயை எதிரணியாகவும் பரப்பி, யார் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுவார். ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த மேசையில்தான். அடுத்த குளிர்காலமும் அவரே இருந்தார். பாதியில் வரிசையாகத் தோற்றார்கள். ஒரு மத்தியானம் மறுபடியும் ரெலிபோன் அடித்தது.

இந்தமுறை மனேஜர் சுற்றி வளைக்கவில்லை. புதியவரை எடுத்தாகிவிட்டது, பழையவரோடு நீங்கள் நல்லமாதிரிப் பழகுகிறீர்கள், பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். போனமுறை நீங்கள் அதை மிக அழகாகச் செய்தீர்கள் என்றும் சொன்னார்.

ரிசீவரைத் தொம்மென்று வைத்தேன். லீவில் வீட்டில் நின்ற கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், அந்தாள் சொன்னதைச் சொல்லிவிடுமன். எங்களுக்கேன் தேவையில்லாத கொழுவல்?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ."

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"வேலைக்கு எடுத்தவர் வந்து சொல்லட்டும்," என்றேன். "இந்த மனுசனும் என்ர வாயால அதைக் கேக்கக்கூடாது."

மனேஜருக்கு ரெலிபோன் எடுத்தேன். இன்று மாலை நீங்களே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், அதுவரை அந்த அறையிலிருந்து ஒரு பெட்டியும் அசையாது என்றேன். முதலில் சிரித்தார். பிறகு தனக்கு நேரமில்லை என்றார். புதியவரை எங்கே படுக்க வைப்பதாக உத்தேசம் என்று கேட்டேன். வருவதாக ஒத்துக்கொண்டார்.

அவர் வந்தபோது பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பருப்பும் செத்தல் மிளகாயுமாக மேசையில் பரப்பி என் கணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டீர்களா என்று மனேஜர் வாசலில் மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சத்தமாகச் சொல்லி, பயிற்சியாளருக்கு எதிரே இருந்த கதிரையைக் காட்டினேன்.

உட்கார்ந்தவர் குளிரைப் பற்றிப் பேசினார். கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். பிறகு மீண்டும் குளிர். நான் குசினிக் கதவில் சாய்ந்து நின்றேன். எங்கள் வீட்டுக் கதிரையில் ஒருவர் தேத்தண்ணி இல்லாமல் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல்முறை. கணவர் கேத்தலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தண்ணி இன்னும் கொதிக்கேல்லையோ?"

"கொதிக்காது," என்றேன்.

மனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் குரல் விளங்கியிருக்கவேண்டும். பருப்பைப் பார்த்தபடி, கமிட்டி ஒரு முடிவெடுத்திருக்கிறது, இனி நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லி முடித்தார். இரண்டு வசனங்கள்கூட இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் அந்த மனிதனுக்கு ஒரு பெண்பிள்ளை தேவைப்பட்டிருந்தாள்.

பயிற்சியாளர் ஒரு பருப்பை விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். கோல் காப்பவனுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவனை இறக்கவேண்டாம், வருகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்றார். மனேஜர் தலையாட்டினார். அவர் சொல்லப்போவதில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாசலில் மனேஜர் காலணியை மாட்டிக்கொண்டு, சனிக்கிழமைக்கு அறை ஆயத்தமாக இருக்குமா என்று கேட்டார்.

அறை இல்லை, சனிக்கிழமைக்கும் இல்லை, இனி எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை என்றேன். பின்னால் நின்ற கணவர் இருமினார். நான் கதவைச் சாத்தினேன்.

குசினிக்குத் திரும்பிக் கேத்தலை வைத்தேன். பயிற்சியாளர் அதே இடத்தில் இருந்தார். இனிமேல் கேட்கலாம் என்று தோன்றியது. பயணத்துக்கு என்ன செய்து தரட்டும் என்று கேட்டேன்.

மீன் கட்லட், உறைப்பாக, என்றார். மேசையில் கிடந்த எதிரணியைக் கூட்டி அள்ளி என் கையில் தந்தார்.

நான் அவற்றை உரலில் போட்டு இடித்த இடியில் கணவர் தும்மிக்கொண்டே முற்றத்துக்குப் போனார்.