மாட்டே குடிநீர் விற்ற கதை

மூலிகை கலக்கும் தொழிலில் கை பழக ஆறு மாதம் போதும். வாயை அடக்கப் பழகத்தான் வருடக்கணக்காகும். கடையில் நின்று உழைக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு தேயிலைக் கடையில், பிரவ் (திருமதி) வின்ரர் என்ற முதலாளியம்மாவிடம் மூலிகைத் தேநீர் கலக்கிறேன். பல வருடங்களாக அவருடைய குறிப்புப்படிதான் கலக்கி வந்தேன். போன வருடம்தான் முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று கலந்தேன். மாட்டே என்ற தென்னமெரிக்க இலையோடு வேர்க்கொம்பு என்கிற சுக்கு, கொத்தமல்லி, துளசி. மாட்டேயும் தேயிலை மாதிரித்தான். நல்ல கசப்பு, நித்திரையை விரட்டும். (விரட்டும் என்று நான் சொன்னதாக வெளியில் சொல்லிவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.)

பிரவ் வின்ரர் குடித்துப் பார்த்துவிட்டு, "உங்கள் கோயில் திருவிழாவில் கடை போடுங்கள். கொண்டுபோகும் சாக்கு வெறும் சாக்காகத் திரும்பி வந்தால், என் கடை அலுமாரியில் இதற்கு இடம் உண்டு" என்றார். அந்த அலுமாரியில் என் கலவை இருக்கவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும்.

என்னத்துக்கு நல்லது?

தேநீரை விற்கும்போது அது எந்த வருத்தத்தையும், அதாவது நோயையும், மாற்றும் என்று சொல்ல இந்த நாட்டுச் சட்டம் விடாது. எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது. எங்கள் ஈழத்து ஆட்களோ வேறு எதையும் கேட்பதில்லை. திருவிழாவுக்கு முந்திய வாரம் ஒரு அண்ணை கடைக்கு வந்து என் கலவையை மோந்து பார்த்தார். "தம்பி, இது என்னத்துக்கு நல்லது?"

"குடிக்க நல்லது அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் பொதியைத் திரும்ப வைத்தார். "குடிக்க நல்லதெண்டால் பியர் இருக்கு. வருத்தத்துக்கு என்ன இருக்கு?"

பலகையில் எழுதியது

ஊன்ட்றொப் கோயிலில் தேர் அன்று வீதி நிறையச் சனம். பானை கொதிக்கிறது, வாசம் தூக்குகிறது, ஒருவரும் கிட்ட வருகிறார்கள் இல்லை. தூரத்தில் நின்று என் பலகையை வாசிப்பதும் முகத்தைச் சுளிப்பதுமாகப் போனார்கள். பலகையில் பெரிய எழுத்தில் நான் எழுதியிருந்தது 'மாட்டே குடிநீர்'. கடைசியில் மயில்பச்சைச் சேலை கட்டிய ஒரு அக்கா நேரே வந்து கேட்டா: "தம்பி, மாட்டுக்கு வைக்கிற தண்ணியைக் கோயில் வாசலிலை மனிசருக்கு விக்கிறியளோ?"

பாதியை அழித்த பிறகு

அவமானத்தில் 'மாட்டே'யை அழித்துவிட்டு 'குடிநீர்' என்பதை மட்டும் விட்டேன். எங்களுக்குக் குடிநீர் என்றால் காய்ச்சல் வந்தால் அவித்துக் குடிப்பது. இந்தியத் தமிழருக்கு அது வெறும் குடிக்கிற தண்ணீர் என்பது அந்த நேரம் எனக்கு ஓடவில்லை. ஸ்டுட்கார்டிலிருந்து வந்த ஒரு இளம் தமிழ்நாட்டு எஞ்சினியர் வெயிலில் வாடி வந்து, "அண்ணா, ஒரு வாட்டர்" என்று வாங்கி, ஒரே மடக்கில் வாய் நிறைய எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் மரியாதையான பிள்ளை, துப்பவில்லை. விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணா, எங்க ஊரு பைப் தண்ணியே பரவால்ல."

கசப்பு

எனக்குப் பயம் பிடித்தது. மத்தியானமாகியும் சாக்கு அசையவில்லை. கசப்புத்தான் குற்றம் என்று நினைத்து அடுத்த பானையில் அதிமதுரத்தை அள்ளிப் போட்டேன். ருசி பார்த்தவர்கள் "இனிக்குது, அப்ப மருந்தில்லை" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் பானையைப் போலவே இரண்டாம் பானையையும் புல்லில்தான் ஊற்றினேன்.

மூன்றாவதைப் பழையபடி கசக்கக் காய்ச்சினேன். அந்த நேரம் பார்த்து பிரவ் வின்ரரும் வந்து பக்கத்தில் நின்றார். அதே மயில்பச்சைச் சேலை அக்கா, அரோகரா சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வந்து நின்றா. "மாட்டுத் தண்ணியோ என்னவோ, சுடச்சுட ஒண்டு தாங்கோ."

ஒரு மிடறு குடித்தா. முகம் கோணலாகப் போனது. பிறகு வீதியைப் பார்த்துத் திரும்பி, கட்டிய தொண்டையாலேயே கத்தினா: "கசக்குது! இதுதான் மருந்து! சளிக்கு நல்லது, வாயுவுக்கு நல்லது, எல்லாரும் வாங்கோ!"

சட்டம் என் வாயைத்தானே கட்டியிருந்தது. பின்னேரத்துக்குள் சாக்கை உதறி மடித்தேன். அக்கா கத்திய அந்த நேரமே, தமிழ் தெரியாத பிரவ் வின்ரர், அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். ருசியாக இருக்கிறதாம் என்றேன். அவர் அக்காவின் முகத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். "ருசியாக இருக்கிறது என்று சொல்லும் முகமா இது?"

இப்போது அலுமாரியில் என் கலவை இருக்கிறது. அது என்னத்துக்கு நல்லது என்று மட்டும் என்னைக் கேட்காமல் அந்த அக்காவைக் கேளுங்கள்.