பின்சீட்டுக்கு யார்?

அம்சவள்ளிக்குக் காசிநாதனைக் கண்டாலே வயிறு எரிந்தது. அவன் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் கணவர் தமிழரசனின் கூட்டங்களுக்கெல்லாம் கூடவே போகிற தோழன். இப்போது அவருடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில், பின்சீட்டில் உட்கார்ந்து வைக்கத்துக்குப் போகப்போகிறான். அவ்வளவுதான்.

பயணத்தை முதலில் நினைத்தவள் அவள். கல்வராயன் மலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். மனிதனைத் தெருவில் நடக்கவிடாத அநியாயத்தை எதிர்த்து நின்ற ஊரை நேரில் பார்க்கவேண்டும் என்றவள். சேலம், கோவை, பாலக்காடு என்று சார்ட்டில் வழி வரைந்தவள். வைக்கத்துக் காயலை, அந்த உப்பங்கழியைக் கடக்க மோட்டார் வண்டியை ஏற்றுவார்களா என்று அந்த ஊர் வாத்தியார் ஒருவருக்கு எழுதி, இரண்டு படகைப் பிணைத்துப் பலகை போட்டு ஏற்றுவார்கள் என்று பதில் வாங்கியவளும் அவளே.

அந்தச் சார்ட்டைத்தான் தமிழரசனும் காசிநாதனும் கூடத்தில் விரித்து, தலை முட்டக் குனிந்திருந்தார்கள்.

"அண்ணி, படகுல நான் வண்டிய புடிச்சிக்கினு நிப்பேன். அண்ணன் சும்மா காத்து வாங்கினு வரலாம்" என்றான் காசிநாதன்.

"நான் புடிச்சா வண்டி நிக்காதா தம்பி?"

தமிழரசன் சிரித்தார். "வழியில பஞ்சர் ஆனா ஒட்டுவியா? காசிக்குத் தெரியும். இதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்ல?"

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. தகுதி. அவளைக் 'கோட்டா டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் சொல்லும் அதே வார்த்தை.

அது தொண்ணூறாம் வருஷம். மண்டல் அறிக்கையை அமல்படுத்தப்போவதாக அறிவிப்பு வந்து, வடக்கே தகுதி செத்துப்போச்சு என்று பஸ்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை முடிந்ததும் தமிழரசன் ஊர் ஊராகப் போய் இடஒதுக்கீட்டை ஆதரித்துப் பேசுவார். பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டில் கேள்விகள் வரும். எந்தச் சீட்டையும் படிக்காமல் ஒதுக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி.

கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் ஐந்தாவது சீட்டைப் பிரித்த தமிழரசன் தயங்கினார். குண்டு குண்டான எழுத்து. தினம் வீட்டில் பார்க்கிற எழுத்து. விதியை மீற முடியவில்லை. படித்தார்:

"பஞ்சர் ஒட்டத் தெரியாதவளுக்கு வண்டியில் தூரம் போகத் தகுதியில்லை என்கிறார் ஒரு தோழர். ஒருநாளாவது அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தாரா? கற்றுக்கொடுக்காமல் தகுதி கேட்பது யாருடைய பழக்கம்?"

பெண்கள் பக்கம் கைதட்டல் கிளம்பியது. முன்வரிசையில் காசிநாதன் துள்ளி எழுந்தான். "யாருண்ணே அந்தப் பிற்போக்குவாதி? பேரச் சொல்லுண்ணே!"

தமிழரசன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

"நான்தான் தோழர்களே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காசிநாதன் வந்தபோது வாசலில் பின்சக்கரம் கழன்று கிடந்தது. அம்சவள்ளி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தாள். முதல் ஒட்டு பிய்ந்துபோய், இரண்டாவது ஒட்டு நின்றிருந்தது. தமிழரசன் பம்பை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அப்ப நானு?" என்றான் காசிநாதன்.

"சின்னசேலத்துல ரயில் ஏறி வாங்க தம்பி. படகுல எல்லாருக்கும் எடம் உண்டு."

அவன் பின்சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்தான். தோன்றவில்லை. டியூபைத் துடைத்துவிட்டுக் கணவரிடம் கேட்டாள்:

"ஓட்டறதுக்கு எப்பங்க சொல்லித் தருவீங்க?"