கேமராவில் இருந்த பாப்பா

திண்டுக்கல்லில் யாராவது இறந்துபோனால், சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் போஸ்டர் சுவரேறிவிடும். அப்படி ஏறுகிற போஸ்டர்களில் பலவற்றைச் செய்பவள் அல்போன்சா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பாள். இறந்தவரின் மகனோ மருமகனோ போனை நீட்டுவார். பெரும்பாலும் அது ஏதாவது கல்யாணப் பந்தியில் எடுத்த படமாக இருக்கும். அல்போன்சா முகத்தை மட்டும் வெட்டி எடுப்பாள். பக்கத்தில் நின்றவர் தோளில் போட்டிருந்த கையை அழிப்பாள். சட்டை கசங்கியிருந்தால் வேறு சட்டை மாட்டுவாள். தோள் தெரியாவிட்டால் தோள் செய்வாள். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். அதற்குக் கீழே வருந்துவோர் பெயர்கள்.

அவள் இந்த வேலையை அன்போடு செய்தாள் என்று சொல்ல மாட்டேன். துப்புரவாகச் செய்தாள். அழுதுகொண்டு நிற்பவரிடம், "எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, அடிச்ச பெறகு வந்து நிக்கக் கூடாது" என்பாள். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவளிடம் பயம் உண்டு, பிரியம் இருந்ததாகத் தெரியவில்லை. வெகு நாளாக மற்றவர்களின் இறந்த முகங்களைத் திருத்திக்கொண்டிருந்த அவளுக்கு, தன் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு, ஏழாம் மாதத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை, வயிற்றிலேயே இறந்துவிட்டது, அடக்கமும் ஆகிவிட்டது என்று கணவனின் அக்கா செபாஸ்தியம்மாள் சொன்னார். பெற்றவள் பார்த்தால் மனதை விட்டுவிடுவாள், அதனால் காட்டவில்லை என்றும் சொன்னார். கணவன் ரொனால்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானம் இல்லாமல் யாரையும் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் வைப்பதில்லை என்பது அங்கே பழைய வழக்கம். பிள்ளை சாகக் கிடந்தால் கோயில் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தண்ணீர், அதற்கான வார்த்தைகள், ஒரு பெயர், இவை போதும். யாரும் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைக்கு உயிர் இருக்க வேண்டும். பிணத்துக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஆகவே செத்துப் பிறந்த பிள்ளைகளை மதிலோரமாகப் புதைப்பார்கள். சிலுவை நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. அல்போன்சாவின் பிள்ளையும் அங்கேதான் போயிற்று. நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் எல்லோரும் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவள் மதிலோரத்தில் வெறுங்கையோடு நின்றுவிட்டு வருவாள். மெழுகுவர்த்தியை எந்த இடத்தில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த பிள்ளையும் வரவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ரொனால்டு கல்லீரல் கெட்டு இறந்தான். தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவன். கடைசி நாட்களில் ஒருநாள் அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கையைத் தடுத்தான்.

"பாப்பா அந்தக் கேமராவுல இருக்கா."

"எந்தப் பாப்பா?"

"நம்ம பாப்பா. அக்கா இல்லாதப்பப் பாரு."

காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்து வாயைத் துடைத்துவிட்டாள். அடக்கம், முப்பதாம் நாள் பூசை எல்லாம் முடிந்த பிறகு, பீரோவுக்கு மேலே பழைய ஜெப மாலைகள் கிடந்த டப்பாவுக்கு அடியில் அந்தக் கேமரா கிடைத்தது. பிறக்கப்போகும் பிள்ளையைப் படம் எடுக்கவென்று ரொனால்டு வாங்கியது. பிறகு வேளாங்கண்ணிக்குப் போனபோது ஒருதடவை எடுத்தான். அதற்குப் பிறகு பழுதாகிவிட்டது என்று சொல்லி மேலே வைத்துவிட்டான். அதன் திரை உடைந்து, மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தது. உள்ளே என்ன இருந்தாலும் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் பார்க்க முடியும்.

கேமராவோடு வந்த ஒயர் இல்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஆண்டனிராஜிடம் போனாள். அவன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா, மியூசியத்துல இருந்து தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"வாய மூடிட்டு ஒயரு இருக்கான்னு பாரு."

"இதுக்கு ஒயரு தேடுறதும் எங்க தாத்தாவுக்குப் பல்லு தேடுறதும் ஒண்ணுதான்." சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் இருந்த சாக்கைக் கவிழ்த்தான். பாம்புக்குட்டிகள்போல் ஒயர்கள் சரிந்தன. இரண்டை எடுத்துக் கொடுத்தான். "ரெண்டும் மாட்டும். ஆனா மாட்டுறதெல்லாம் பேசாதுக்கா. சிலது கரண்ட மட்டும் குடுக்கும், படத்தக் குடுக்காது. இங்கயே வச்சுட்டுப் போங்க, நானே எடுத்துத் தாரேன்."

"வேணாம். வீட்டுப் படம்."

ஆண்டனிராஜ் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் அல்போன்சா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கேமராவுக்கு இரண்டு பென்சில் பேட்டரி வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, டிவி ரிமோட்டில் ஒன்று எடுத்துப் போட்டாள். லென்ஸ் முன்னால் நீண்டது, உடனே நின்றுபோயிற்று. கடிகார முள்ளை நகர்த்தப் போதுமான பலம் கேமராவுக்குப் போதவில்லை. தெருமுனைக் கடையில் புதிதாக வாங்கி வந்தாள். பச்சை விளக்கு எரிந்தது, அணையவில்லை.

முதல் ஒயரைச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதைச் செருகியபோது கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுத்தது. ஆனால் மூலையில் வந்த செய்தி, செருகிய பொருள் இன்னதென்று தெரியவில்லை என்றது. பிடுங்கித் திரும்பச் செருகினாள். அதே செய்தி. கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத் துளைகளுக்குச் சில நேரம் பலம் போதாது என்பது வேலையில் கண்டது. மேசைக்கடியில் தவழ்ந்துபோய், தூசிக்குள் கைவிட்டுப் பின்பக்கத் துளையில் செருகினாள்.

இந்த முறை கம்ப்யூட்டர் கேமராவைத் தெரிந்துகொண்டது. ஆனால் திரையில் ஒரு கேள்வி வந்தது.

அப்போதுதான் செபாஸ்தியம்மாள் வந்தார். அதே வீட்டின் முன்பகுதியில் குடியிருப்பவர், விதவை. பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு ஜெபம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. கையில் கறிப் பொட்டலம்.

"என்னத்தப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்க? வெஞ்சனம் எப்ப வைக்கிறது? எலும்பு பூராம் எம் பங்குக்கே போட்டுத் தொலச்சுட்டான் அந்தக் கடைக்காரன்." பிறகு மேசையைப் பார்த்தார். "இது ரொனால்டு கேமராவுல்ல. செத்துப் போச்சுன்னானே."

"உசுரு இருக்கு மதினி."

செபாஸ்தியம்மாள் பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை. "என்ன கேக்குது அது?"

"உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்குது."

"அப்ப ஆமான்னு போடு. பழச வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"

அல்போன்சா திரும்பிப் பார்த்தாள். எழுபது வயது முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. வெயிலில் நடந்து வந்தவர்தான். வேண்டாம் என்பதை அமுக்கினாள்.

கெட்டுப்போனது கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டு. அதற்குள் பிள்ளை இருந்தால், போயிற்று. பிறகு நினைவுக்கு வந்தது. கார்டு என்று ஒன்று தனியாக வாங்க வேண்டும் என்பதே ரொனால்டுக்கு அப்போது தெரியாது. வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில்தான், கடைக்காரன் சிரித்தபடி சொல்ல, வாங்கினான். பிள்ளை பிறந்தபோது கேமராவில் கார்டே இல்லை. எடுத்தது கேமராவின் வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும். கார்டு உள்ளே இருக்கும்வரை அது வெளியே தெரியாது.

நகத்தால் நெம்பிக் கார்டை எடுத்துவிட்டு மறுபடி செருகினாள். திரையில் ஒரு பெட்டி திறந்தது. உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. அது படம் அல்ல, வீடியோ.

"அல்போன்சா, வேணாம்த்தா," என்றார் செபாஸ்தியம்மாள். "அழிச்சுட்டேன்னு எங்கிட்டச் சொன்னானே."

அவள் அமுக்கினாள்.

மங்கலான அறை. வெள்ளைத் துணிச் சுருள் ஒன்று, முகம் துணிக்குள் திரும்பியிருக்கிறது. "எடுக்காதடா" என்று ஒரு பெண் குரல். பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கை. அதே குரல், இப்போது நிதானமாக, பல்லாண்டுப் பழக்கத்தோடு: "அனிஷா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." தண்ணீர் நெற்றியில் விழுந்தது. துணிச் சுருள் துள்ளியது. சின்ன வாய் ஒன்று திறந்து, ஈரக் காகிதத்தைக் கிழிப்பதுபோல் அழுதது. கேமரா தாழ்ந்து தரை தெரிந்தது. வீடியோ முடிந்துவிட்டது.

அல்போன்சா அதை மறுபடி ஓட்டவில்லை. அனிஷா என்ற பெயரைக் கர்ப்பமாக இருக்கும்போது ரொனால்டின் காதில் மட்டும் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு எந்த வாயிலும் அதை அவள் கேட்டதில்லை.

"எம்புட்டு நேரம் இருந்தா?"

செபாஸ்தியம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "சாயங்காலம் வரைக்கும்."

"நான் பக்கத்து ரூம்ல கெடந்தேன்."

"நீ பொழைப்பியான்னே தெரியலயே! பிள்ளையும் போகப்போகுதுன்னு சொல்லிட்டாங்க. உசுரோட இருந்துச்சு, அழுதுச்சுன்னு உனக்குச் சொன்னா, நீ அந்த அழுகையவே நெனச்சு நெனச்சுப் பைத்தியமாயிருப்ப. செத்தே பொறந்துச்சுன்னா ஒரு அழுகையோட போயிரும்னு நெனச்சேன். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"ஞானஸ்நானம் வாங்குன பிள்ளைய மதிலோரத்துல எதுக்கு மதினி வச்சீங்க?"

நடுவில் புதைத்துச் சிலுவை நட்டால், பிள்ளை உயிரோடு பிறந்தது ஊருக்குத் தெரியும்; ஊருக்குத் தெரிந்தால் தாய்க்குத் தெரியும். சொன்ன பொய் நிற்க வேண்டுமானால் பிள்ளை ஓரத்தில்தான் கிடக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஞானஸ்நானத்தின் மேன்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்மணி, தானே கொடுத்த ஒன்றை, தானே மண்ணைப் போட்டு மூடியிருந்தார். இரக்கத்தில் சொல்லப்படும் பொய்க்கும் பராமரிப்பு வேண்டும். அந்தச் செலவைப் பெரும்பாலும் வேறொருவர்தான் கொடுக்கிறார். செபாஸ்தியம்மாளைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியவில்லை. கெட்டவராக இல்லாதது மட்டும் போதாது என்றும் தோன்றுகிறது.

"ஒவ்வொரு வருசமும் நான் அங்க நின்னேன். நீங்க உங்க வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வச்சுக்கிட்டே என்னயப் பாத்தீங்க."

"பாத்தேன்," என்றார் செபாஸ்தியம்மாள்.

அல்போன்சா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். வேலையில் செய்வதைச் செய்யத் தொடங்கினாள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நகர்த்தி, முகம் தெரியும் இடத்தைத் தேடினாள். தொடக்கத்தில் முகம் துணிக்குள் இருந்தது. கடைசியில் தரைதான் இருந்தது. நடுவில், தண்ணீர் விழுந்து பிள்ளை துள்ளிய அந்த ஓர் இடத்தில் மட்டும் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கண், சப்பை மூக்கு, திறந்த வாய். நெற்றிக்கும் மற்றக் கண்ணுக்கும் குறுக்கே செபாஸ்தியம்மாளின் கை, மோதிரத்தோடு.

அதை வெட்டி எடுத்து, கையை அழிக்கும் கருவியைப் பழக்கத்தில் தொட்டாள். எத்தனையோ பேருக்குச் செய்தது. கையைத் துடைத்தால் கம்ப்யூட்டர் பக்கத்துத் தோலைப் பார்த்து ஒரு நெற்றியை அதுவாக நிரப்பும். பார்ப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நெற்றி எந்தப் பிள்ளையுடையதும் அல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கருவியை விட்டுவிட்டாள்.

"கல்லறையில வைக்கப் போறியா?" பின்னால் வந்து நின்றிருந்தார் செபாஸ்தியம்மாள்.

"சிலுவைக்குச் சொல்லணும். சிலுவையில படம் ஒட்டணும். இந்தத் திருநாளுக்குள்ள."

"கோயில் சாமியார்கிட்ட நானே வந்து சொல்றேன். உசுரோட இருந்துச்சு, நாந்தான் குடுத்தேன்னு சொல்றேன். ஆனா அந்தக் கைய மட்டும் எடுத்துரு, அல்போன்சா. மோதிரத்தப் பாத்தாலே எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அந்தக் கல்லறையப் பாக்குறப்பல்லாம் என்னயத்தான் நெனப்பாங்க."

"எடுத்தா நெத்தி போயிரும் மதினி."

"உனக்குத்தான் வேற நெத்தி வைக்கத் தெரியுமே."

"தெரியும்."

செபாஸ்தியம்மாள் கறிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது நிற்கவில்லை.

அல்போன்சா பெயரை அடித்தாள். தோற்றம் என்பதற்கு நேரே தேதி போட்டாள். மறைவு என்பதற்கு நேரே அதே தேதி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். வீட்டு வேலைக்கென்று வைத்திருந்த சின்னப் பிரிண்டரை இயக்கினாள். அது இருமிக்கொண்டு காகிதத்தை இழுத்தது. மேலிருந்து கீழாகத்தான் அது அச்சிடும். முதலில் வந்தது கைதான்.