வாசலுக்கு மேலே வைத்த சம்மனசு

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் மாதா கோயிலைக் கட்டியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் கட்டினேன். வரைபடமும் என்னுடையது, சிலைகளும் என்னுடையவை. இரண்டையும் ஒரே ஆளாகச் செய்கிறவன் ரங்கூனில் வேறு யார் என்ற கர்வம் அப்போது எனக்கு இருந்தது.

சுவர்களைத் தேவைக்கு மேல் தடிப்பாக எழுப்பினேன். வாசலுக்கு மேலே, சிறகு விரித்த தேவதூதரை, எங்கள் பேச்சில் சம்மனசை, சிமெண்டில் செய்து பொருத்தினோம். சிலையைச் சுவரோடு பிணைக்கும் கம்பிகளைப் பார்த்துக் கொத்தனார் தயங்கினார். வாத்தியாரை அழைக்கும் பர்மியச் சொல்லால் என்னை 'சயா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"சயா, ரெண்டு கம்பி தாங்குமா? நாலு போட்டுடலாமே."

"நாலு போட்டா சிறகு தடிச்சுப் போயிரும். ரெண்டு போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிறகு அவ்வளவு அழகாக வந்திருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் பெரும்புயல் அடித்தபோது ஊரே அந்தக் கோயிலுக்குள் ஓடி ஒளிந்தது. படகு கிடைத்து நான் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கூரை பாதி போயிருந்தது, சுவர்கள் நின்றன. வாசலுக்கு மேலே துருப்பிடித்த இரண்டு கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

கோயிலைக் கூட்டிப் பெருக்கும் அக்கா, வாசலில் நின்று ஆட்களை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாராம். சம்மனசு அவர் மேல் விழுந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பாயில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "உங்க சுவருதான் சயா எங்கள காப்பாத்துச்சு" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கம்பி விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சீங்க?"

"ஆமாக்கா."

"சரி, போயிட்டு வாங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் கூரை வேலைக்குப் போய் அங்கேயே தங்கினேன். வேறொரு சம்மனசு வேண்டுமென்று ஊரார் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். வாசல் படிகளை இடித்துவிட்டுச் சாய்தளம் போட ஆரம்பித்தேன். அக்கா என்னோடு பேசவே இல்லை.

ஒரு நாள் காலையில், பூச்சு இறுகிக்கொண்டிருந்தபோது கக்கத்தில் ஊன்றுகட்டைகளோடு வந்து நின்றார்.

"ரொம்பச் செங்குத்தா இருக்கு. கட்டை வழுக்கும். இன்னும் தணிவா இழுங்க."

அன்றே உடைத்து மறுபடி போட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உள்ளே போனார்.