அவள் கழற்றி எறிந்த காது மெஷின்

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது அவளுடைய மூன்றாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. "பேச்சு வர்ற வயசு. சீக்கிரம் மெஷின் போடுங்க" என்றார் டாக்டர். தொண்ணூறுகளின் தொடக்கம். அடையாறில் குடியிருந்தோம். தி. நகரில் ஒரு கடையில் வெளிநாட்டுச் சரக்கு, புத்தம்புதுசு என்று சொன்னதை நம்பி வாங்கினோம்.

மாட்டியதும் வீறிட்டு அழுதாள். கழற்றி எறிந்தாள். கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பழகுற வரைக்கும் புள்ளைங்க அழத்தான் சார் செய்யும். கழட்ட வுடாதீங்க. வித்த பொருளை நாங்க திரும்ப எடுக்கறதில்ல, பில்லுலயே போட்டுக்கீது பாருங்க."

அவர் சொன்னபடியே செய்தோம். என் மனைவி அவள் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், நான் மாட்டுவேன். ஒருநாள் அடித்தும்விட்டேன்.

ஏழு மாதம் கழித்து, பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்து உடனே எடுத்துவிட்டார்.

"இதுல பேச்சே கேக்கல சார். வெறும் இரைச்சல். ஊசியா குத்துது. இதையா கொழந்தைக்கு மாட்டினீங்க?"

அந்த வாரமே வேறு மெஷின் வாங்கினோம். டப்பாவைப் பார்த்ததும் மகள் அழவில்லை. பிடித்துக்கொள் என்பதுபோல, இரண்டு கைகளையும் தானே அம்மாவிடம் நீட்டினாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வக்கீல் தேவையில்லை, நடந்ததை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று டீச்சர்தான் சொன்னார். எழுதினேன். அடித்ததை மட்டும் எழுதவில்லை.

"கொழந்தை கீழ போட்டு உடைச்சிருக்கும்" என்று வாதாடினார் கடைக்காரர். மெஷினைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பழைய பாகங்களுக்குப் புது மூடி போட்டு விற்றது வெளியே வந்தது. குறையுள்ள பொருளை விற்றவர் பில்லில் அச்சடித்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லி, விலையோடு நஷ்டஈடும் தர உத்தரவிட்டார்கள். அதற்குள் இரண்டு வருடம் போயிருந்தது.

உத்தரவு நகலோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாய்க்கு முன்னால் காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்து, 'ப' சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். காகிதம் அசைந்தது. மகள் முயன்றாள். வெறும் மூச்சுதான் வந்தது.

"ஜெயிச்சுட்டோம்" என்றேன்.

"அங்க வைங்க" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.