ஆணியில் தொங்கிய மூன்றாவது சாவி

அவரை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு உதிரிபாகம் தேடித் தருவதும் சாவி வெட்டுவதும் அவர் தொழில். கடை ஒரு கதவு அகலம்தான். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். பின்சுவரில் ஒரு பலகை, பலகை முழுக்க ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி. அவை விற்பனைக்கு அல்ல. தெரிந்தவர்களுக்குச் சாவி வெட்டும்போது, அவர்கள் சம்மதத்தோடு கூடுதலாக ஒன்றை வெட்டி அதில் மாட்டிவைப்பார். சாவியைத் தொலைத்தவர் வந்து நின்றால், வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் சாவி கைக்கு வந்துவிடும். சீட்டு கிடையாது, வண்டி எண் கிடையாது. ஆளைப் பார்த்தால் அவருக்கு ஆணி தெரியும்.

நான் அவரைப் பார்த்தது கடையில் அல்ல, நான் வேலை செய்த வீட்டில். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் மின்கம்பம் ஏறிய லைன்மேன். இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். மறதி நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தியிருந்தார்கள். மகள் முன்னறையில் தையல் கடை நடத்தினாள். மருமகன் வேன் ஓட்டினார். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மேஜையில் தட்டை வைத்துவிட்டு மகள் என்னைப் பார்த்து, "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுங்க" என்பாள். மருமகன் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருப்பார்.

காரணம் ஒரு சாவி. மறதி முற்றியதும் பெரியவர் தன் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை மகள் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மற்றது மருமகன் பொறுப்பு. சாவியைத் தேடி மாமனார் தன் சட்டைப் பையைக் குடைந்துகொண்டே இருந்ததில் வெறுத்துப்போய், வேனில் போகும்போது பாலத்திலிருந்து ஆற்றில் வீசிவிட்டதாக அவர் சொன்னார். அப்புறம் ஒரு பகலில், வீட்டில் யாரும் கவனிக்காத நேரத்தில், பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடைத் திருப்பத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வண்டியில் சாவி இருந்தது. பீரோவில் இருந்தது பீரோவிலேயே இருந்தது. அப்படியென்றால் இது எது? ஆற்றில் போட்டதாகச் சொன்னது பொய், சோம்பேறித்தனமாக எங்கோ போட்டுவைத்திருந்தார் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். மருமகனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "போட்டேன்னுதான் நெனைக்கிறேன் சிஸ்டர். ஒருவேளை போடணும்னு நெனச்சதோட விட்டுட்டேனோ என்னவோ" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் நர்ஸ் அல்ல. ஆனாலும் அந்த வீட்டில் எல்லோருக்கும் சிஸ்டர்தான்.

உடைந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட மகள் நினைத்தாள். நான்தான் தடுத்தேன். வண்டி கண்ணில் படாவிட்டால் பெரியவர் அதைத் தேடிக் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் நிறுத்தினால் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். ஆனால் நசுங்கிய முகப்பைப் பார்த்ததும் அழுதார். அப்போதுதான் ஆணி ஒரு சாக்குப்பையோடு வந்து நின்றார். "ஐயா வண்டியை நான் பழையபடி ஆக்கித் தர்றேன். எனக்கு எதுவும் வேண்டாம்" என்றார். மருமகன் நெகிழ்ந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார். ஆணியால் அதைக் குடிக்க முடியவில்லை. கீழே வைத்த டீ ஆடை கட்டும் வரைக்கும் அங்கேயே இருந்தது.

அந்த மாடல் நின்று வெகு காலமாகிவிட்டது. கிளட்ச் லீவருக்கு ஓர் ஊர், ஹெட்லைட் கண்ணாடிக்கு இன்னோர் ஊர் என்று பழைய இரும்புக் கடைகளில் குப்புறக் கிடந்து தேடினார். கையெல்லாம் துருக் கீறல். டெட்டனஸ் ஊசி போடச் சொன்னேன். சொந்தக் கடை பூட்டியே கிடந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக இருந்தபோது நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நோயாளி தின்ன முடியாத அளவுக்குப் பழம் வாங்கி வருகிறவரிடம் வெளியே சொல்லாத உறுத்தல் ஏதோ ஒன்று இருக்கும். இவர் கொண்டுவந்தது இரும்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, அத்தனை முறை வந்தும் பெரியவர் அறைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை.

ஒரு காலையில் பெரியவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாவி எங்கடி போகும்? அதான் ஆணியில தொங்குதே, மூணாவது" என்றார்.

மகளை அவருக்கு அடையாளம் தெரியாது. இது தெரிந்திருந்தது. ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

"மூணாவது சாவி ஒண்ணு இருந்ததா?"

ஸ்பானர் நின்றது. "யாரு சொன்னா?"

"ஐயாதான்."

"ஐயா பேச்சை யாரு நம்புவாங்க சிஸ்டர்."

"உங்க மூஞ்சியைப் பார்த்தா நம்பலாம் போலிருக்கு."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நடந்தே வந்தார். ‘டேய், எடுடா சாவியை’ன்னார். எப்பவும் கேக்கற மாதிரிதான். ஒரு கால்ல அவர் செருப்பு, இன்னொரு கால்ல பொம்பளைங்க செருப்பு, பூப்போட்டது. கடையில நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள என்னமோ தட்டிச்சு. வீட்டுக்கு ஒரு போன் போடலாமேன்னு கை போச்சு. அதுக்குள்ள, ‘என் வண்டிச் சாவிக்கு உன்கிட்ட கெஞ்சணுமாடா’ன்னுட்டார். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்."

"இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. புருஷன் பொஞ்சாதி முகம் பார்த்துப் பேசறதில்ல."

"சொல்லிடறேன். முன்சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க் மட்டும் கிடைக்கட்டும். கையில எதாவது இருந்தா சொல்றதுக்கு ஒரு தெம்பு வரும்."

"என்கிட்ட வெறுங்கையோடதானே சொன்னீங்க?"

"நீங்க வேற ஆளு சிஸ்டர்."

"ஆமா, உடைஞ்சது என் அப்பா இடுப்பு இல்ல."

நானே போய்ச் சொல்லியிருக்கலாம். வேலைக்கு வந்தவள் சொன்னால் அது கோள். அவர் வாயால் வந்தால்தான் மருமகன் பெயர் சுத்தமாகும் என்று விட்டுவிட்டேன்.

ஃபோர்க் கிடைத்தது. பிறகு டேங்க் மூடி பொருந்தவில்லை என்றார். மூடி வந்தது. பின்விளக்குக் கண்ணாடியின் சிவப்பு ஒத்துப்போகவில்லை என்றார். வண்டி புதிதாகிக்கொண்டே போனதே தவிர முடிகிற வழியாக இல்லை. என்னைக் கண்டால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் பகலில் பெரியவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது வலியில் முனகினார். வாசலில் நின்றிருந்த மகள் என்னிடம், "சாவியை ஒழுங்கா வெச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமான்னு கேளுங்க" என்றாள்.

கட்டிலின் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்த மருமகன் நிமிர்ந்தார். கோபம் இல்லை, களைப்புதான்.

"சரி, நான்தான். ஆத்துல போடல. எங்கயோ வெச்சேன், அவர் எடுத்துட்டார். போதுமா? இனிமேலாவது என்கிட்ட நேராப் பேசு."

ஜன்னலுக்கு வெளியே சத்தம் நின்றுவிட்டது. ஆணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் இல்லம்மா. நான் குடுத்தேன். கடையில ஒரு சாவி இருந்தது."

மகள் அவரைப் பார்த்தாள். "இப்படி இருக்கார்னு தெரியாமதானே குடுத்தீங்க?"

தப்பித்துக்கொள்ள வழி அவளே காட்டிவிட்டாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"முழுசாத் தெரியாது. ஆனா, மாத்திப் போட்ட செருப்பைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் குடுத்தேன்."

"எங்க வீட்டுக்காரர் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டே இத்தனை நாள் இங்க உக்கார்ந்திருந்தீங்க" என்றாள் மகள்.

"குடிக்கலம்மா" என்றார் ஆணி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுப் பதில் என்று அவருக்கே உறைத்தது.

மருமகன், "அண்ணே, நீங்க குடுத்ததைக் கூட விடுங்க. பொய் சொன்னவன் நான்தான்னு நானே நம்பிட்டேனே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். மகள் கணவன் பக்கம் திரும்பினாள். "சாப்பிட வாங்க" என்றாள். அவரைப் பார்த்தே சொன்னாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

பெரியவர் பாதி புரண்ட நிலையில் என் கையில் இருந்தார். ஒற்றை ஆளாய் அந்த உடம்பைத் திருப்பக் கூடாது. "உள்ள வாங்க, அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். ஆணி தயங்கினார். "கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

கழுவிக்கொண்டு வந்தார். கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, இடுப்பு முறுக்காமல் ஒரே கட்டையாகப் புரட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பயந்து பயந்து பிடித்தார். "அப்படிப் பிடிச்சாதான் வலிக்கும்" என்றேன். இறுக்கிப் பிடித்தார். பெரியவர் வசதியாகப் படுத்ததும் ஆணி அவர் காதருகே குனிந்து, "ஐயா, அன்னைக்கு உங்களுக்குச் சாவி குடுத்தது என் தப்பு" என்றார்.

"என்ன சாவி?" என்றார் பெரியவர். விழுந்தது அவருக்கு நினைவில்லை, உடைந்ததும் நினைவில்லை. "வண்டி எப்படா முடியும்?"

ஆணி என்னைப் பார்த்தார். அதற்கு நான் என்ன செய்ய? மன்னிக்க வேண்டியவருக்கு எதை மன்னிப்பது என்றே தெரியவில்லை.

அடுத்த வாரத்தில் வண்டியை முடித்து, சாவி போடும் இக்னிஷன் பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். கொண்டுவர வேறு இரும்பு எதுவும் இல்லை. ஆனாலும் மருமகன் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெரியவரைப் புரட்டும் நேரத்துக்கு வந்துவிடுவார், கையைக் கழுவிக்கொண்டு. தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி மகள் பார்ப்பாள். போ என்று சொன்னதில்லை. உட்காருங்கள் என்றும் சொன்னதில்லை.